யாரும் கேட்காத மலையேற்ற அடி

அடேய் முனிராஜு, என் ராசா,

நல்லா இருக்கியா என்று உன்னைக் கேட்க முடியாது. கேட்டால் நீயே சிரிப்பாய். அதனால் நேராகச் சேதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் உன் வீட்டுக்கு வந்தான். உன்னை அடித்துக் கொன்ற அதே கோவிந்தன்தான். நான் அவன் வாயை உடைத்துவிட்டேன். முன்பல் போய்விட்டது. என் வலது கை வீங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்துவிடலாம். வைக்க மாட்டேன். நீ போட்ட பாட்டுதான் உன்னைக் கொன்றது என்று ஓசூரில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், டவுன் பஸ்ஸில் சொல்கிறார்கள், உன் அம்மா காதுபடவே சொல்கிறார்கள். அத்தனை பேரும் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லப்போகிறேன், நீ குறுக்கே பேசாதே.

நீ சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் தகடு அடித்தாய். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அதே கம்பெனியின் டூல் ரூமில் இருந்தேன். மத்திகிரியில் உன் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் வாடகை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று தெரிந்த அன்றைக்கே உன் அம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டாள். ராகிக் களியை நான் மென்று தின்றதைப் பார்த்து, "களிய எவனாவது மெல்லுவானாடா? முழுங்குடா தெக்கத்தியான்" என்றாய். அந்தக் கதையை வாரம் முழுக்கக் கம்பெனியில், பிரஸ் ஷாப்பில் சொல்லிச் சிரித்தாய்.

கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பாய். ஆனால் உன் பைத்தியம் வேறு. சீனண்ணாவின் பிரவுசிங் சென்டரில் ஒரு போர் விளையாட்டு இருந்தது. ஊர் கட்ட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், படை திரட்டிப் போய் எதிராளியின் ஊரைக் கொளுத்த வேண்டும். மற்றவர்களெல்லாம் கொளுத்துவதற்காக வந்தார்கள். நீ பாட்டுக் கேட்க வந்தாய். படையே திரட்டாமல் உட்கார்ந்திருப்பாய், எதிராளி வந்து உன் ஊரை எரித்துவிட்டுப் போவான், நீ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இத போட்டவன் யாருன்னு தெரியலடா. எந்தத் தேசமோ. பெரிய ஆளு," என்பாய். "சினிமாவுல பாட்டு நம்ம மேல வந்து வுழுவுது. இங்க அப்பிடி வுழக் கூடாது. ஒருத்தன் ஒக்காந்து யோசன பண்றான். எங்க வேலி போடறது, எத்தன பேர வயலுக்கு அனுப்பறதுன்னு. பாட்டு அவன் பக்கத்துல சத்தமில்லாம ஒக்காந்துக்கணும். சண்ட வந்தா மட்டும் எழுந்து நிக்கணும். அந்தாளு அப்பிடித்தான் பண்றான், நல்லா கேளு." நானும் கேட்டுப் பார்த்தேன். என் ஆட்கள் வெட்டுப்பட்டு அலறுவதுதான் என் காதில் விழுந்தது.

அந்த விளையாட்டின் பாட்டுகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டரில் தனித்தனியாகக் கிடந்தன. அதே பெயரில் வேறு பாட்டை வைத்தால் விளையாட்டு அதைத்தான் போடும். இதைக் கண்டுபிடித்த மறுநாள் கம்பெனிக்கு மட்டம் போட்டாய். ஊர் கட்டுகிற அமைதி நேரத்துக்கு ஒரு பாட்டு செய்தாய், கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் வழிகிற சத்தத்தை அடியில் வைத்து. சண்டைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோது நீ யோசிக்கவே இல்லை. "பம்பைதான்" என்றாய்.

பம்பை என்னவென்று இந்த ஊருக்கு வந்துதான் எனக்குத் தெரியும். மாரியம்மன் திருவிழாவில் இரட்டை மேளமாக இடுப்பில் கட்டி அடிப்பார்கள். அதில் அழைப்பு அடி என்று ஒன்று. அதை அடித்தால் கூட்டத்தில் யார் மேலாவது சாமி இறங்கும். அழைத்த மேளமே கடைசியில் நிதானமாக வேறொன்றை அடித்து, வந்த சாமியை மலையேற்றி அனுப்ப வேண்டும். அதை அடிக்காமல் மேளத்தை இறக்கி வைக்கிற வழக்கம் கிடையாது. அழைத்துவிட்டு அனுப்பாமல் விட்டால் இறங்கினவன் உடம்பு தாங்காது என்பார்கள்.

நீ ஒன்றும் விளையாட்டுத்தனமாகச் செய்துவிடவில்லை. பம்பைக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டுத்தான் பதிவு செய்தாய். மைக்கைப் பிடித்தவன் நான். அழைப்பு அடியைப் போர்ப்பாட்டாக்கி, முடிவில் மலையேற்ற அடியையும் மறக்காமல் சேர்த்தாய். "வந்தவள அனுப்பாம வுட்டா தப்புடா" என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. கோவில் மேளம் போல விளையாட்டும் பாட்டைக் கடைசிவரை ஓட்டும் என்று நாம் நம்பிவிட்டோம். அது அப்படி ஓட்டாது. சண்டை நடக்கிறவரை பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். கடைசி வீரன் விழுந்தவுடன் வெட்டிவிடும். அந்த வெளிநாட்டுக்காரனின் பாட்டில் இந்த வெட்டு நமக்கு உறுத்தவில்லை, அதில் யாரையும் அழைக்கவும் இல்லை, அனுப்பவும் வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் கோவிந்தனும் மோதினீர்கள். கோவிந்தன் யாரோ இல்லை. ஷாப்பில் உனக்கு அடுத்த மெஷின்காரன், உன் தெருக்காரன், உன் அம்மா கையால் சாப்பிட்டவன். தோற்றவன் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும் என்று பந்தயம். ஷாப் ஆட்கள் பாதிப் பேர் வந்து பின்னால் நின்றார்கள். சீனண்ணா எங்கிருந்தோ கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்து உன் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார். அன்றைக்குத்தான் போர்ப்பாட்டு முதன்முதலாக விளையாட்டில் ஓடப்போகிறது.

அன்று நீ கண்ணை மூடவில்லை. ஆற்றைத் தாண்டிப் படையை அனுப்பினாய். சண்டை தொடங்கியதும் பம்பை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோவிந்தன் கட்டின வீடுகள் ஒவ்வொன்றாக எரிந்தன, வயலில் நின்ற உழவர்களை உன் குதிரைகள் மிதித்துக்கொண்டு போயின. பின்னால் நின்றவர்கள் "வெட்டு, வெட்டு" என்று கத்தினார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். திரையில் செத்தவர்கள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை, ஆனால் அந்த மேளத்தைக் கேட்டால் யாரையாவது நிஜமாகவே அடிக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. யாரோ கோவிந்தனின் தலையைத் தடவி, "சவரத்துக்குத் தண்ணி கொண்டாங்கடா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் கோவிந்தன் உடம்பை உலுக்கிக்கொண்டு எழுந்தான். பல்லை நறநறவென்று கடித்தான். கண் மேலே செருகியது, நாக்கைத் துருத்தினான், தலை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடியது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "யாரு தாயி வந்துக்கறது?" என்று கும்பிட்டான். "ஆப்புரா, ஆப்புரா" என்று சீனண்ணா தெலுங்கில் உன்னைப் பார்த்துக் கத்தினார். நீ நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தக் கூடாது என்று உனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் கோவிந்தனின் கடைசி வீரன் விழுந்தான், பம்பை அடிக்கு நடுவிலேயே அறுந்தது. அறை முழுக்க ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.

"ஐயோ, மலையேத்தறது வரலடா," என்றாய். நீ பேசின கடைசிப் பேச்சு அதுதான். பாட்டின் முடிவைத் தனியாக எடுத்துப் போடுவதற்காக, அவனுக்கு முதுகைக் காட்டிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாய். கோவிந்தன் இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். பின்மண்டையில் விழுந்தது. நீ மேஜை மேல் கவிழ்ந்த பிறகும் அடித்தான். நாங்கள் பாய்ந்து அவனைக் கீழே சாய்ப்பதற்குள் உன் தலை தலையாக இல்லை. மண்டை உடைகிற சத்தம் எனக்குத் தெரியும் முனிராஜு, இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பெங்களூருக்குக் கொண்டுபோகிற வழியில், அத்திப்பள்ளி தாண்டுவதற்குள், என் மடியிலேயே உன் உடம்பு குளிர்ந்துவிட்டது.

பங்காளிகள் எத்தனையோ பேர் இருந்தும் உன் அம்மா என்னைத்தான் கொள்ளி வைக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கோர்ட்டில் சாட்சி சொன்ன அத்தனை பேரும் சாமி வந்து அடித்தான் என்றோம். கண்ணால் பார்த்தது அதுதானே, வேறு என்ன சொல்வது? தண்டனை குறைந்தது. சில வருடத்தில் கோவிந்தன் வெளியே வந்துவிட்டான். அவன் வந்த அன்றைக்கு உன் அம்மா அவன் வீட்டுக்குப் போனாள். சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் வாசலிலேயே அவன் காலில் விழுந்தாள். "என் புள்ள அம்மன் மேளத்த வெளையாட்டுல போட்டு ஒன் வாழ்க்கைய கெடுத்துட்டான் சாமி. அவன மன்னிச்சுடு," என்றாள்.

அவன் நின்றான். காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. உன் அம்மாவின் தலை அவன் பாதத்தில் கிடக்கிறது, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கே அவனைக் குத்தியிருப்பேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உன் பாட்டு வீட்டில் ஒலிக்கக் கூடாது என்று அவள் உத்தரவு. நீ அதைப் பதிந்து வைத்திருந்த சிடியை மாடத்தில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். திருவிழாவில் எல்லோரும் உள்ளே போய்க் கும்பிடுவார்கள். அவள் மட்டும் கோவில் வாசலிலேயே நின்று உனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

நான் கம்பெனியை விட்டேன். அந்த மெஷின்களின் பக்கம் போகவே முடியவில்லை. கம்ப்யூட்டர் படித்து, திட்டு வாங்கி, இப்போது பெங்களூரில் விளையாட்டு தயாரிக்கிற ஒரு சின்ன ஆபீசில் இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். எந்த இடத்தில் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று பொருத்துவது என் வேலை. அதுவும் போர் விளையாட்டுகளுக்கு. சிரிக்காதே.

முதல் விளையாட்டிலேயே சண்டை வந்துவிட்டது. கடைசி வீரன் விழுந்ததும் பாட்டை வெட்டச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். "ஜெயிச்சாச்சு செந்தில், இன்னும் ஏன் இழுக்கிறீங்க? ஆடறவங்களுக்கு போர் அடிக்கும்," என்றார் மேனேஜர் மேடம். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் அடித்தேன். அது உடைந்தது. "நீங்க வெட்டுங்க மேடம். நாளைக்கு நான் வரலை," என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஒரு தடவை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். மேளம் மெல்ல இறங்குகிற நேரத்தில், ஆடிப் பார்த்தவர்கள் யாரும் அடுத்த ஆட்டத்துக்கான பட்டனை அழுத்தவில்லை. எரிந்து கிடக்கிற ஊரின் மேல் மவுஸை நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன், "இவ்ளோ பேரையா கொன்னோம்?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் போர்ப்பாட்டை யாரும் நடுவில் வெட்டுவதில்லை. இங்கிருந்து வேறு கம்பெனிகளுக்குப் போனவர்களும் இந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். எங்கேயோ யாரோ செய்த விளையாட்டை ஆடுகிறேன், சண்டை முடிந்த பிறகும் மேளம் இறங்கி இறங்கி அடங்குகிறது. உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அந்த வெளிநாட்டுக்காரனின் பெயர் உனக்கும்தான் தெரியவில்லை. இத்தனையிலும் உன் பாட்டை மட்டும் நான் எதிலும் சேர்க்கவில்லை, அம்மா விடவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோவிந்தன் தன் மனைவி லட்சுமியோடு வந்து வாசலில் நின்றான். கையும் காலும் நிற்காமல் உதறுகிறது. அவனால் ஒரு ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லையாம், எந்தக் கம்பெனியிலும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். லட்சுமி என்னைத்தான் கும்பிட்டாள். "அண்ணா, அன்னிக்கு எறங்கனது இன்னும் மலையேறலன்னு பூசாரி சொல்றாருங்க. அந்தப் பாட்டோட முடிவ ஒரு வாட்டி போடுங்கண்ணா. எங்களுக்குப் புள்ளைங்க இருக்குது."

"ஒதறியே சாகட்டும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

அம்மா உள்ளேயிருந்து சிடியை எடுத்துக்கொண்டு வந்தாள். "போடுடா. அத போடறதுக்குத்தான் என் புள்ள அன்னிக்கு திரும்பனான். அவன் முடிக்காத வேலைய நீ முடி."

போட்டேன். அவளுக்காகப் போட்டேன், அவனுக்காக இல்லை. உன் மலையேற்ற அடியை அந்த நாளுக்குப் பிறகு நானும் கேட்கவில்லை, தைரியம் இல்லை. பம்பை வேகம் குறைந்து, இரண்டு கையில் ஒரு கை நின்று, மிச்சக் கை மட்டும் விட்டு விட்டு அடித்தது. அடியில் உன் கீபோர்டு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறாய் முனிராஜு, அவ்வளவு நிதானமாக. முடிவில் உன் குரல் வந்தது. "போதும் செந்திலு, மைக்க எறக்கு, கை வலிக்கும் ஒனக்கு," என்றாய். அதை வெட்டி எடுக்க மறந்திருக்கிறாய். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோவிந்தனின் உதறல் நிற்கவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"எனக்கு ஒண்ணும் மலையேறாதும்மா. வந்தாத்தான ஏறும்? அன்னிக்கு என் மேல ஒண்ணும் வரல," என்றான். "தோத்துட்டன். தலைய தடவி சிரிச்சானுங்க. சாமி ஆடுனா வெளையாட்டு நின்னுடும், மொட்ட அடிக்க வேணாம்ன்னு ஆடுனன். எல்லாரும் கும்புட்டானுங்க. திடீர்ன்னு பாட்டு நின்னு போச்சு. பாட்டு இல்லாம எப்பிடி ஆடறதுன்னு தெரியலம்மா. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தானுங்க. நடிப்புன்னு தெரிஞ்சுடும்ன்னு பயம். ஸ்டூலு கையில இருந்துச்சு. அடிச்சா நம்புவானுங்கன்னு அடிச்சன்."

அவன் சொல்லி முடித்ததும் நான் அடித்தேன். எத்தனை அடித்தேன் என்று தெரியாது. பல் என் கைமுட்டியில் குத்தி நின்றது, அதோடும் அடித்தேன். லட்சுமி என் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அம்மா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறவரை பொறுத்திருந்துவிட்டு, அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப என் புள்ள பாட்டுல குத்தம் இல்ல?"

அவன் ரத்தத்தைத் துப்பினான். "இல்லம்மா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"அவன் பாட்டுல குத்தம் இல்லம்மா."

அவள் காலைத் தொடக் குனிந்தான். அம்மா எழுந்து பின்னால் போனாள். "வுழாத. வுழுந்தா எனக்கு மனசு எறங்கிடும். எனக்கு எறங்க வேணாம். அன்னிக்கு ஒன்னக் கும்புட்டவங்க முன்னாடி, பம்பைக்காரங்க முன்னாடி, திருவிழாவுல நின்னு இத சொல்லு. போ."

சொல்வானா, ஓடிவிடுவானா, தெரியாது. ஓடினால் என்ன? நான் அச்சில் சொல்லிவிட்டேன். இனி அவனைக் கொல்ல வேண்டும் என்கிற வெறி எனக்குப் போய்விடுமா? அதுவும் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரு பொய்யை ஜெயிலிலும் கோர்ட்டிலும் காப்பாற்றினவன், உன் பாட்டின் முடிவைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் காப்பாற்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு அம்மா தரையைக் கழுவினாள். பிறகு, "மொதல்லருந்து போடு" என்றாள். அழைப்பு அடியிலிருந்து கடைசிவரை கேட்டாள். உன் அம்மா உன் பாட்டை முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை, தெரியுமா உனக்கு? முடிந்ததும், "நல்லாத்தான் போட்டுக்கறான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள், ஒரு மூச்சு, தெருவே வந்து நிற்கிற மாதிரி.

அடுத்த விளையாட்டில் உன் பாட்டு வரும், ஒரு அடிகூடக் குறையாமல், கீழே உன் பெயரோடு. மேடம் ஏற்கெனவே பாட்டைக் கேட்டுச் சரி சொல்லிவிட்டார். இன்னொன்றும் சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வருடத் திருவிழாவில் அம்மாவைக் கோவிலுக்குள் நானே கூட்டிக்கொண்டு போவேன். அவள் உன்னை மன்னிக்கச் சொல்லி யாரிடமும், அந்த அம்மனிடமும்கூட, இனிமேல் கேட்க மாட்டாள். கேட்க விடமாட்டேன்.

உனக்குக் கொள்ளி வைத்தவன்,
உன் அம்மாவின் இன்னொரு மகன்,
செந்தில்